கடலும் கடலையும்

மீஞ்சூர்ப் பள்ளி மாணவி ஒருத்தி கடலைப் பற்றிக் கட்டுரை எழுத விரும்பி, நூலகக் கணிப்பொறியில் ‘கடல்’ என்று தேடுவதாக வைத்துக்கொள்வோம். ‘கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலை அடைகிறது’ என்னும் வரி வருகிறது. கூடவே ‘கடலை பயிரிடும் முறை’ என்றொரு நூலும் வந்து நிற்கிறது! ஏன்?

கணிப்பொறி ஒவ்வொரு முறையும் எல்லா நூல்களையும் புரட்டுவதில்லை. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்ற ஒன்றை முன்னதாகவே தயாரித்து வைத்துக்கொள்கிறது. கடலில், கடலுக்கு, கடலை எல்லாம் ‘கடல்’ என்ற ஒரே தலைப்பில் சேர வேண்டுமல்லவா? அதற்காகச் சொல்லின் வாலை நறுக்கும் நிரல் ஒன்று உண்டு. ஆங்கிலத்துக்கு இத்தகைய விதிகளை மார்ட்டின் போர்ட்டர் 1980-இல் வெளியிட்டார். போஸ்ட்கிரஸ் என்னும் கட்டற்ற தரவுத்தள மென்பொருளில் தமிழுக்கான நறுக்கி 2019-இல், 12-ஆம் பதிப்பில், சேர்ந்தது.

கட்டற்ற மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம். ‘கடலை என்றால் நறுக்காதே’ என்று ஒருவர் ஒரே ஒரு வரி எழுதி அனுப்புகிறார் என்க. நீக்கிய வரிக்குக் கழித்தல் குறி, சேர்த்த வரிக்குக் கூட்டல் குறி இட்டு அது மற்றொருவரின் பார்வைக்குப் போகும். அவர் சோதிக்கிறார். வேர்க்கடலை போய்விட்டது, ஆனால் கொசஸ்தலை ஆற்று வரியும் போய்விட்டது! தனிச்சொல்லைப் பார்த்து எந்தக் ‘கடலை’ என்று நறுக்கிக்குத் தெரியாது. வேண்டாத நூல் வந்தால் கண்ணில் படும். வேண்டிய நூல் வராவிட்டால் யாருக்குத் தெரியும்? என்னைக் கேட்டால் வேர்க்கடலை இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய சொல்லடைவில் ‘கடலை’ எல்லாம் ‘கடல்’ என்ற தலைப்பிலேயே கிடக்கும். விதி மாறிய பின் ‘கடலை’ என்று தேடினால், கணிப்பொறி ‘கடலை’ என்ற தலைப்பைத் தேடும், ஒன்றும் கிடைக்காது. பிழைச் செய்தியும் வராது. ஆகவே, ‘விதி மாறினால் சொல்லடைவைப் புதிதாகத் தயாரிக்கவும்’ என்று விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியையும் ஒருவர் சரிபார்ப்பார். குறிப்பை நம்பித்தானே மற்றவர்கள் வேலை செய்கிறார்கள்!

நீங்களும் முயலலாம். ‘ஆற்றில்’ என்பதை ‘ஆறு’ ஆக்க ஒரு விதி எழுதுங்கள். பிறகு அதே விதியைக் ‘காற்றில்’ என்ற சொல்லுக்குப் போட்டுப் பாருங்கள்.