எருமைத் தயிர் கெட்டி, ஆட்டுத் தயிர் இளக்கம்: ஏன்?



சிவகாசி, சாத்தூர் பக்கத்துச் சித்திரை வெயில் உங்களுக்குத் தெரியாததா? பட்டாசு காய அந்த வெயில் நல்லது. தயிருக்கு? இரவில் உறை ஊற்றினால் விடியும்போது கெட்டியாகிவிடும். மதியச் சாப்பாட்டுக்குள் புளித்தும்விடும். மார்கழியில் அதே பால், அதே உறைமோர்தான். ஆனால் விடிந்த பிறகும் சரியாக உறையாமல் நிற்கும். "ஏன் இப்படி?" என்று வீட்டில் கேட்டிருக்கிறீர்களா? கேட்டவர்களுக்கு ஒரு சபாஷ்! அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே இன்று பேசுவோம்.

ஒரு ஸ்பூன் உறைமோரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கின்றன. லாக்டோபேசில்லஸ், லாக்டோகாக்கஸ் இரண்டும் அவற்றில் முக்கியமானவை. பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதுதான் இவற்றுக்குச் சாப்பாடு. அதைத் தின்றுவிட்டு லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. தயிரின் புளிப்புக்குக் காரணம் அந்த அமிலம்தான். வெதுவெதுப்பாக இருந்தால் இவை வேகமாகப் பெருகும். குளிர்ந்தால் மந்தமாகிவிடும். சித்திரைக்கும் மார்கழிக்கும் உள்ள வித்தியாசம் இப்போது புரிகிறதா?

சரி, புளிப்பு வந்துவிட்டது. நீராக ஓடிய பால் கெட்டியானது எப்படி?

பாலில் கேசின் என்ற புரதம் மிகச் சிறிய உருண்டைகளாக மிதக்கிறது. எல்லா உருண்டைகளிலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே திரியும். புளிப்பை அளக்க பி.எச். என்று ஓர் அளவு உண்டு. புளிப்பு கூடினால் அந்த எண் குறையும். பாலின் பி.எச். சுமார் 6.6. அமிலம் சேரச்சேர அது 4.6-ஐ நோக்கி இறங்கும். மின்னூட்டமும் தணியும், தள்ளும் சக்தி போய்விடும். மைதானத்தில் சிதறி ஓடிய பிள்ளைகள் பள்ளி மணி அடித்ததும் ஒன்றுகூடிக் கைகோத்து நிற்பதுபோல உருண்டைகள் சேர்ந்து ஒரு வலையாகும். நீரும் கொழுப்பும் அதற்குள் சிக்கிக்கொள்ளும். அதுதான் தயிர்.

இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்போமா? பாக்டீரியா சர்க்கரையைத் தின்கிறது. அமிலம் வருகிறது. புரதம் ஒன்றுசேர்கிறது. மூன்றே படிதான்.

இப்போது பாலை மாற்றுவோம். பசு, எருமை, ஆடு மூன்றின் பாலிலும் லாக்டோஸ் ஏறக்குறைய ஒரே அளவு, 100 கிராமுக்கு 4 முதல் 5 கிராம் வரை. அதனால் மூன்றுமே புளிக்கும். மாறுவது புரதமும் கொழுப்பும்தான்.

பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். எருமைப் பாலில் 7 வரை போகும், புரதமும் கூடுதல். வலை நெருக்கமாக விழுவதால் எருமைத் தயிரைக் கத்தியால் வெட்டி எடுக்கலாம். இலங்கையில் மண்சட்டியில் விற்கும் எருமைத் தயிர் அதனால்தான் அவ்வளவு பேர்போனது.

ஆட்டுப்பால்? நம் கரிசல் காட்டில் மேயும் கன்னி ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு இருந்தால் செங்கன்னி. ஆட்டுப்பாலில் கேசினின் ஒரு வகை குறைவு. ஆகவே வலை தளர்வாக விழும், தயிர் இளக்கமாக இருக்கும். கொழுப்புத் துளிகளும் மிகச் சிறியவை. அதனால் ஏடு எளிதில் படியாது.

இன்னும் தூரம் போனால் ஒட்டகப் பால். அது புளிக்கும், ஆனால் கெட்டியாக உறையாது. கசாக்கியர்கள் அதை ஷூபத் என்ற பானமாகக் குடிக்கிறார்கள். குதிரைப் பாலைப் புளிக்க வைத்தால் குமிஸ். அதுவும் நீர்த்த பானம்தான்.

இந்தப் புளித்த பால் உடம்புக்கு நல்லதா? நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் இதைக் கேட்டார். அவர் எலி மெச்னிகாஃப், பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக 1908-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பல்கேரியக் கிராமத்தார் நீண்ட நாள் வாழப் புளித்த பால்தான் காரணம் என்று அவர் நினைத்தார். ஆனால் இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் தாண்டி எல்லா பாக்டீரியாவும் உயிரோடு குடலுக்குப் போவதில்லை. 1930-இல் ஜப்பானின் மினோரு ஷிரோட்டா, அப்படித் தாக்குப்பிடிக்கும் ஒரு பாக்டீரியாவை வளர்த்தெடுத்தார். அதைக் கொண்டு செய்த யாகுல்ட் என்ற புளித்த பால் பானம் 1935-இல் வந்தது.

ஆகவே எல்லாத் தயிரையும் புரோபயாட்டிக், அதாவது நன்மை செய்யும் பாக்டீரியா உள்ள உணவு, என்று சொல்லிவிட முடியாது. பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டும், போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும், நன்மை செய்கிறது என்று சோதனையில் தெரிந்திருக்க வேண்டும். நம் வீட்டுத் தயிரில் எந்த வகை எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. இருந்தாலும் அது நல்ல உணவுதான். ஆனால் மோர்க்குழம்பு கொதித்துவிட்டால்? சுவை இருக்கும், பாக்டீரியா செத்துப்போகும்.   

இனி உங்கள் முறை. மூன்று டம்ளர் எடுங்கள். பசும்பால், எருமைப்பால், ஆட்டுப்பால் மூன்றையும் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு நன்றாகக் காய்ச்சுங்கள். பச்சைப் பாலில் நோய்க்கிருமி இருக்கலாம், அதனால் காய்ச்சாமல் தொடங்கக் கூடாது. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒவ்வொன்றையும் ஒரு டம்ளரில் ஊற்றி, ஒரே உறைமோரிலிருந்து ஒரே அளவு சேருங்கள். சூடாக இருக்கும்போதே ஊற்றினால் பாக்டீரியா வெந்துவிடும். மூன்றையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வையுங்கள். பாலைத் தவிர வேறெதுவும் மாறக் கூடாது. அப்போதுதான் வித்தியாசத்துக்குக் காரணம் பால்தான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

மணிக்கு ஒரு தடவை டம்ளரைச் சாய்த்துப் பாருங்கள். எது முதலில் உறைந்தது, எதில் நீர் அதிகம் பிரிந்தது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு பாலை மாற்றாமல், இடத்தை மட்டும் மாற்றி இன்னொரு சோதனை செய்யலாம். ஒரு டம்ளர் அடுப்படியில், ஒரு டம்ளர் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில். எது முந்தும் என்று இப்போதே ஊகித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.