பாகின் பதமும் பகிர்வின் பதமும்

ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் ஆலய முற்றத்தில் சிதறிக் கிடக்கும் நொறுக்குத் தீனி உறைகளைக் கண்டு மனம் நொந்து, ஒருமுறை மறையுரையில் தாய்மாரைச் சற்றுக் கடிந்துரைத்தோம். திருப்பலி முடிந்தபின், நூற்பாலையில் பணிபுரியும் ஓர் அன்னை நம்மிடம் வந்து, "சாமி, இரவு வேலை முடித்து வரும் எங்களுக்குப் பாகு காய்ச்ச நேரம் ஏது? சொல்வது எளிது" என்றார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பிள்ளைகள் விரும்பும் 'கார்ன் ஃபிளேக்ஸ்' என்பது வேறொன்றுமன்று, மக்காச்சோள அவலே. அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரில், நோயாளருக்கு உணவு தேடிய கெல்லாக் சகோதரர் இருவர் 1894-இல் வேகவைத்த கோதுமையை உருளையில் நசுக்கி, வாட்டி, முதன்முதல் இவ்வகை அவலைக் கண்டனர். பின்னர் மக்காச்சோளத்திலும் செய்தனர். சர்க்கரை சேர்ப்பது முதலியவற்றில் மனவேறுபாடு கொண்டு, உடன்பிறந்தோர் பிரிந்தே போயினர்! 1906-இல் இளையவர் தொடங்கிய நிறுவனம் 1994-இல் நம் நாட்டிற்கும் வந்தது.

மகாராஜபுரம் பக்கத்து மக்களுக்கு அவல் புதிதன்று. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்தால் அவல். நம் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமும் விளைகின்றது. அதில் பெரும்பகுதி கோழித் தீவனமாகப் போய்விடுகின்றது.

இனிச் செய்முறையைக் காண்போம். மக்காச்சோள அவல் 3 கிண்ணம், நெல் அவல் 1 கிண்ணம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 1 கிண்ணம், பொட்டுக்கடலையும் கொப்பரைத் துண்டுகளும் அரை அரைக் கிண்ணம், வெல்லம் 1 கிண்ணம், நெய் 1 கரண்டி, சிறிது ஏலமும் சுக்கும். கடையில் மக்காச்சோள அவல் இருவகையாகக் கிடைக்கும். எண்ணெயில் பொரிக்க வேண்டியதன்று, நேராக உண்ணத்தக்கதையே வாங்குக. நெல் அவலை வெறுஞ்சட்டியில் சிறு தீயில் மொறுமொறுப்பாக வறுத்து, மற்றவற்றோடு கலந்து வைக்கவும். வெல்லத்தைக் கால் கிண்ணம் நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சவும். பாகின் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் இட்டெடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று ஒலிக்க வேண்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் மொறுமொறுப்பும் இப்பதத்தில்தான் உள்ளது. பதம் குறைந்தால் பாகில் நிற்கும் ஈரம் அவலை நமுத்துப் போகச் செய்யும். உடனே அடுப்பை அணைத்து, நெய், ஏலம், சுக்கு சேர்த்து, கலவையைக் கொட்டி விரைந்து கிளறிப் பரப்பவும். நன்கு ஆறிய பின்னரே காற்றுப் புகாத பாத்திரத்தில் மூடவும்.

நேரத்திற்கு என்ன வழி? பங்கில் தனித்து வாழும் முதிய கைம்பெண் ஒருவருக்குப் பாகின் பதம் கைவந்த கலை. சனி மாலைகளில் பத்துத் தாய்மார் ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து அவரைச் சூழ்ந்து அமர்ந்தனர். ஒரு மணி நேரத்தில் பத்து வீட்டுக்கும் ஒரு வாரத்திற்கான தீனி ஆயிற்று. நம்மைக் கடிந்த அன்னை வெல்லத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்கு விரைவார். மறுநாள் காலையில் தம் பங்கைப் பெற்றுக்கொள்வார். "என்னையும் தேடி வருகிறார்களே, சாமி" என்று அந்த மூதாட்டி சொன்னபோது அவர் கண்கள் கலங்கின. பிள்ளைகளின் தீனியைப் பற்றியே கவலைப்பட்ட நாம், அவரது தனிமையை அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

சரெப்தா ஊர்க் கைம்பெண்ணிடம் இருந்தது ஒரு கைப்பிடி மாவும் சிறிது எண்ணெயுமே. அதை அவள் இறைவாக்கினர் எலியாவோடு பகிர்ந்தாள். அவள் வீட்டில் குறைவு நேரவில்லை. உங்கள் தெருவிலும் பதம் அறிந்த முதிய கைகள் உண்டு. இச்சனிக்கிழமை அவர்களது கதவைத் தட்டுங்கள்.