இடம் மாறிய ஒரு துண்டு

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் நோவெல், ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். செல்லுக்குள் உப்பு அதிகம், வெளியே வெறும் தண்ணீர். தண்ணீர் உள்ளே புகுந்து செல்கள் உப்பின. நெருக்கியடித்துக் கிடந்த குரோமோசோம்கள் விலகி, எண்ணிப் பார்க்கும்படி பரவின.

பரவியிருந்தாலும் எல்லா செல்களிலும் அவற்றை எண்ண முடியாது. பெரும்பாலான நேரங்களில் டி.என்.ஏ. இழைகள் கண்ணுக்குப் பிடிபடாமல் விரிந்து கிடக்கும். டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துக்கொண்டு, செல் இரண்டாகப் பிரியப்போகும் வேளையில்தான் அவை சுருண்டு தடித்துக் குரோமோசோம்களாகத் தெரியும். மனிதருக்கு மொத்தம் 46. நோவெலும் உடன் ஆய்ந்த டேவிட் ஹங்கர்ஃபோர்டும் பார்த்த நோயாளிகளிடம் அதில் ஒன்று வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தது. 1960இல் அறிவிக்கப்பட்ட அது, அவர்கள் பணியாற்றிய ஊரின் பெயராலேயே ‘ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்’ ஆயிற்று.

காணாமல்போன துண்டு எங்கே?

விடை கிடைக்க 1973 ஆனது. சிகாகோவின் ஆய்வாளர் ஜேனட் ரௌலி, குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வெட்டி வெட்டி வரிசைப்படுத்துவார். காகிதப் பொம்மை விளையாடுவதாகப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அந்த வரிசையில்தான், குட்டையாகிப்போன 22ஆம் குரோமோசோமின் முனை, 9ஆவதன் நுனியில் ஒட்டியிருப்பது தெரிந்தது. இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன.

இடம் மாறினால் என்ன கெட்டுவிடும்? 9இல் இருந்த ‘ஏ.பி.எல்.’ மரபணு, 22இல் உள்ள ‘பி.சி.ஆர்.’ மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. செல்லைப் பிரியச் சொல்லும் புரதங்களில் ஏ.பி.எல். ஒன்று, தேவைப்படும்போது மட்டுமே அது இயங்க வேண்டும். ஒட்டுப்புரதமோ, அழைப்பு மணியில் வைத்த விரலை எடுக்காதவர்போல் ஓயாமல் கட்டளையிடுகிறது. வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. இதுதான் நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா.

இமாட்டினிப் என்ற மாத்திரை அந்தப் புரதத்தின் இயங்கு குழியிலேயே போய் அடைத்துக்கொள்கிறது. 2001இல் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. ஒழுங்காக மாத்திரை எடுத்துக்கொள்ளும் பலர் இன்று ஏறக்குறைய இயல்பான ஆயுளோடு வாழ்கிறார்கள். இந்த மருந்துக்கு அதன் நிறுவனமான நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மலிவான இந்திய மாத்திரைகள் தொடர்ந்து கிடைப்பது அதோடு உறுதியானது. எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு உயிர் கொடுத்த தீர்ப்பு அது.

நோயைக் கேட்டதும் குடும்பங்கள் பதறுவது பிள்ளைகளை நினைத்துத்தான். அந்தப் பயம் வேண்டாம். இந்த மாற்றம் பிறவியில் வந்ததல்ல. எலும்பு மஜ்ஜையின் ஒரே ஒரு தண்டுசெல்லில் பிற்பாடு நேர்ந்தது. அந்த செல்லின் வழித்தோன்றல்களில் மட்டுமே அது இருக்கும். விந்தணுவிலோ கருமுட்டையிலோ இல்லாததால் பிள்ளைகளுக்குப் போகாது.