கண்ணீரின் வடிகால்

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் அக்கணமே முடிச்சிடுகிறார். மடை உடைந்தால் உழவர் மண்வெட்டியுடன் விரைகிறார். கண்ணில் ஓயாது நீர் வடிந்தால் மட்டும், "வயதாகிவிட்டது" என்று துண்டால் துடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பொறுத்திருக்கிறோம். வீரவநல்லூர்த் தறிகளிலும் தாமிரபரணிக் கரை வயல்களிலும் உழைக்கும் நம் அங்கத்தினர்களுக்கு இப்பொறுமை நன்மை தருவதன்று.

குளம் கரைபுரளக் காரணம் இரண்டு: வரத்து மிகுதல், அல்லது வடிகால் அடைபடுதல். கண்ணும் அவ்வாறே. தூசி, உள்நோக்கி வளைந்த இமைமயிர், கண் வறட்சி ஆகியவை நீர்ச் சுரப்பைப் பெருக்கும். வறண்ட கண் நீர் வடிக்குமா என்று வியக்க வேண்டா. இழையையே உற்று நோக்குபவர் இமைப்பது குறைகிறது. கண் உலர்ந்து உறுத்துகிறது. உறுத்தலால் நீர் பெருகுகிறது. இனி வடிகாலைப் பார்ப்போம். இமைகளின் மூக்கோர முனையிலுள்ள சிறு துளைகள் வழியே கண்ணீர் ஒரு பையை அடைந்து மூக்கினுள் இறங்குகிறது. அவ்வழி அடைபட்டால் நீர் கன்னத்தில் வழியும்.

காரணத்தை வைத்தியர் எவ்வாறு அறிகிறார்? இமைகளையும் கருவிழியையும் பார்க்கிறார். மூக்கோரத்தை அழுத்திச் சீழ் வருகிறதா என நோக்குகிறார். மஞ்சள் சாயத் துளி இட்டு, ஐந்து நிமிடத்தில் அது மறைகிறதா எனக் கவனிக்கிறார். பின் மழுங்கிய ஊசியால் அத்துளைவழி உப்புநீர் செலுத்துகிறார். அது தொண்டைக்கு வந்தால் வழி திறந்துள்ளது; திரும்பி வந்தால் அடைப்பு உண்டு.

அடைபட்ட பையில் சீழ் தங்குவதே பேராபத்து. நெற்கதிர் கீறிய கருவிழியில் அக்கிருமி புகுந்தால் புண்ணாகிப் பார்வையே போகலாம். கண்புரை அறுவையின்போது உட்கண்ணுக்கும் பரவக்கூடும். ஆதலால் பையை முதலில் குணப்படுத்துவர்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. வறட்சிக்குச் சொட்டு மருந்து உண்டு. வளைந்த மயிரை அகற்றுவர். வழி முற்றும் அடைபட்டிருந்தால் பையிலிருந்து மூக்கினுள் புதுவழி அமைக்கும் அறுவை உண்டு. இத்தாலிய மருத்துவர் டோட்டி 1904இல் இதனை வெளியிட்டார். கைக்குழந்தைக்கோ, வைத்தியர் காட்டியபடி மூக்கோரத்தை நீவிவந்தால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் வழி திறந்துவிடும்.

தாய்ப்பால், இலைச்சாறு, பிறருக்கு எழுதித்தந்த சொட்டு மருந்து ஆகியவற்றைக் கண்ணில் விடலாகாது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988 முதல் திருநெல்வேலியிலும் இயங்குகிறது. பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. மூக்கோரம் சிவந்து வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ அன்றே செல்ல வேண்டும். ஒருநாள் கூலியை எண்ணித் தயங்குதல் வேண்டா. உழைப்பவருக்குக் கண்ணே முதல் மூலதனம்.