ரயில் சன்னலில் லேசர் கீறல்கள்

வீட்டில் இரண்டு கைப்பேசிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைச் சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளில், சிறு இடைவெளிகூட இல்லாமல், இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றுங்கள். மற்றொன்றிலிருந்து அதற்கு அழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மணி அடிக்காது. அடித்துவிட்டால், எங்கோ ஓர் ஓரத்தில் தாள் சரியாக மூடவில்லை என்று பொருள்.

இப்போது அந்தப் பொட்டலத்தை 300 மீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குப் பெரிதாக்குங்கள். சக்கரங்களைப் பூட்டி, உள்ளே 830 இருக்கைகளைப் போட்டு, மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓட விடுங்கள். 12 பெட்டிகள் கொண்ட ஜெர்மனியின் ஐசிஇ 4 ரயில் ஏறத்தாழ இப்படிப்பட்டதுதான். ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்கிறவர்கள் பலரும் கேட்கும் ஒரு கேள்விக்கான விடை அதற்குள் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் விமானத்தில் அமர்ந்து வீட்டுக்குப் படம் அனுப்ப முடிகிறதே, கோபுரங்கள் நிற்கும் தரையில் ஓடும் ரயிலில் மட்டும் ஏன் இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது?

இது வெறும் பொழுதுபோக்குத் தொல்லையும் இல்லை. அங்கே பயணச்சீட்டு, இருக்கை எண், அடுத்த ரயில் எந்த மேடைக்கு மாறியிருக்கிறது என்ற செய்தி என எல்லாமே கைப்பேசிக்குள் போய்விட்டன. பரிசோதகர் பக்கத்தில் வந்து நிற்கும் நேரத்தில் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

ரயிலின் உடல் உலோகம் என்பது தெரிந்ததே. சன்னல் கண்ணாடி வழியாக அலைகள் உள்ளே வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய ரயில்களில் அப்படித்தான் வந்தன. இன்றைய ரயில் சன்னல்களிலோ கண்ணுக்குத் தெரியாத ஓர் உலோகப் படலம் பூசப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது வெள்ளி. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குதான். குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே ஓடிவிடாமலும், கோடையில் வெயிலின் வெப்பம் உள்ளே நுழையாமலும் அது தடுக்கிறது. பனிக்காலம் மாதக்கணக்கில் நீளும் நாடுகளில், பெட்டியைச் சூடாக வைத்திருப்பதற்கு ஏராளமான மின்சாரம் செலவாகும். அந்தச் செலவைக் குறைக்கவே இந்தப் படலம்.

வெப்பமும் கைப்பேசி அலையும் ஒரே குடும்பம் என்பதில்தான் சிக்கல். இரண்டுமே மின்காந்த அலைகள். படிவம் நான்கு இயற்பியலில் அலைகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வேறுபாடு அலைநீளத்தில் இருக்கிறது. நம் உடலும் சூடான பெட்டியும் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர். இரண்டு கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் கைப்பேசி அலையின் நீளமோ 15 சென்டிமீட்டர். வெள்ளிப் படலம் இந்த இரண்டையும் வேறுபாடு பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. உலோகத்தால் சூழப்பட்ட அறைக்குள் வெளியே உள்ள மின்புலம் நுழைவதில்லை என்று 1836ஆம் ஆண்டிலேயே மைக்கல் ஃபாரடே செய்து காட்டினார். படலம் பூசிய சன்னல்கள் கொண்ட ரயில் பெட்டி, ஓடுகின்ற ஃபாரடே கூண்டு. அப்படிப்பட்ட கண்ணாடி அலையை 20 முதல் 30 டெசிபெல் வரை வலுவிழக்கச் செய்யும். 20 டெசிபெல் என்றால் நூறில் ஒரு பங்கும், 30 டெசிபெல் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கும்தான் உள்ளே வந்து சேரும்.

ரயில் நிறுவனங்கள் முதலில் கண்ட வழி, கூண்டுக்கு வெளியே ஒரு காதை வைப்பது. பெட்டியின் கூரையில் அலைவாங்கிகளைப் பொருத்தி, பல தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகளை ஒன்றாகச் சேர்த்து, உள்ளே அருகலையாக, அதாவது வைஃபையாக, பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஜெர்மனியின் ஐசிஇ ரயில்களில் 2017 தொடக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பயணிகளுக்கும் இது இலவசமானது. ஆனால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 மெகாபைட் மட்டுமே முழு வேகத்தில் கிடைத்தது. அதற்கு மேல் வேகம் குறைக்கப்பட்டது. ஒரே குழாயில் எண்ணூறு பேர் தண்ணீர் பிடித்தால் ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டால் காரணம் விளங்கும்.

தொலைபேசி அழைப்புகளுக்காக, வெளியே இருக்கும் அலையைப் பெருக்கி உள்ளே விடும் கருவிகளையும் பெட்டிகளில் வைத்தார்கள். அவை நன்றாகவே வேலை செய்தன. ஆனால் அவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். 3ஜி போய் 4ஜி, 4ஜி போய் 5ஜி என்று தலைமுறை மாறும்போதெல்லாம் கருவியை மாற்ற வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்தப் படலத்தைப் பூசிவிட்டு, அந்தப் படலம் அடைத்த வழியைத் திறப்பதற்கு மின்சாரத்தைச் செலவழித்தால் என்ன பயன்?

அழகான விடை கண்ணாடியிலேயே இருந்தது. லேசர் கதிரால் அந்த வெள்ளிப் படலத்தில், தலைமுடி அளவு மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டார்கள். படலம் இப்போது மில்லிமீட்டர் கணக்கிலான சின்னச் சின்னத் தீவுகளாகப் பிரிந்துவிடுகிறது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. படலத்தின் மிகச் சிறு பங்கு மட்டுமே நீங்குகிறது.

இது ஏன் வேலை செய்கிறது? ஓர் அலை உலோகத்தில் மோதும்போது, உலோகத்திலுள்ள எலக்ட்ரான்கள் அந்த அலைக்கு ஏற்ப இங்குமங்கும் ஓடுகின்றன. அந்த ஓட்டமே அலையைத் திருப்பி அனுப்புகிறது. 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பேசி அலையைத் திருப்ப வேண்டுமானால், எலக்ட்ரான்கள் ஓடுவதற்கு நீண்ட பாதை வேண்டும். தீவின் ஓரம் வந்தவுடன் அவை நின்றுவிட வேண்டியிருப்பதால், அலை தடையின்றி உள்ளே வந்துவிடுகிறது. அகச்சிவப்புக் கதிருக்கோ ஒரு மில்லிமீட்டர் தீவு என்பது அதன் அலைநீளத்தைப் போல நூறு மடங்கு அகலமான திடல். அங்கே எலக்ட்ரான்கள் ஓடுவதற்கு இடம் தாராளம். ஆகவே வெப்பம் முன்போலவே திரும்பிப் போகிறது. சல்லடை பெரியதைத் தடுத்துச் சிறியதை விடும். இந்தக் கண்ணாடி செய்வது நேர் எதிர்!

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டரசுத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் இத்தகைய கண்ணாடியை உருவாக்க, அந்நாட்டின் பிஎல்எஸ் நிறுவனம் தன் வட்டார ரயில்களில் அதைப் பொருத்திப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ நிகராக அலைகள் உள்ளே வந்தன. வெப்பக் காப்பும் குறையவில்லை. ஜெர்மானிய ரயில்வே இன்னும் ஒரு படி மேலே போனது. புதிய ஐசிஇ 3 நியோ ரயில்களில் அலைகளை அனுமதிக்கும் கண்ணாடிகளே பொருத்தப்பட்டன. பழைய ரயில்களுக்காக, 2026ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 3,300 பெட்டிகளில் 70,000 சன்னல்களை லேசரால் கீறும் திட்டத்தையும் அது அறிவித்தது. கண்ணாடியைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. 6ஜி வந்தாலும் அதற்காக இன்னொரு பெருக்கிக் கருவியை வாங்கத் தேவையில்லை.

கண்ணாடி திறந்துவிட்டதால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கோபுரம் அருகில் இருக்க வேண்டுமே! தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மக்கள் வாழும் இடங்களில் கோபுரங்களை நிறுத்துகின்றன. அதிவேக ரயில் பாதைகளோ ஊர்களைத் தவிர்த்து, காடுகளையும் வயல்களையும் ஊடுருவிப் போகின்றன. வேகமும் ஒரு தொல்லை. கோபுரங்கள் 3 கிலோமீட்டருக்கு ஒன்றாக நின்றால், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் 36 வினாடிக்கு ஒரு கோபுரத்தைக் கடக்கும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் ஒரே நேரத்தில் பழைய கோபுரத்தை விட்டுப் புதிய கோபுரத்தைப் பிடிக்க வேண்டும். நெருங்கி வரும் அவசர மருத்துவ வண்டியின் ஒலி மாறுவதுபோல அலையின் அதிர்வெண்ணும் சற்று மாறும். ஆனால் இந்த டாப்ளர் விளைவு ரயிலில் பெரிய எதிரி இல்லை. இரண்டு கிகாஹெர்ட்ஸ் அலையில் அந்த மாற்றம் 550 ஹெர்ட்ஸ் அளவுதான். 4ஜி தொழில்நுட்பம் மணிக்கு 350 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும்படியே வடிவமைக்கப்பட்டது.

சுரங்கங்களில் நிலைமை உண்மையில் நல்லது! சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கம் 57 கிலோமீட்டர் நீளம். அதன் சுவரோரம் ஒரு தடித்த கம்பிவடம் ஓடுகிறது. அதன் உறையில் வேண்டுமென்றே துளைகள் விடப்பட்டிருக்கும். ஓட்டைக் குழாயிலிருந்து தண்ணீர் கசிவதுபோல, நீளம் முழுவதும் அலை கசிந்துகொண்டே இருக்கும். மலைக்கு அடியில் போகும் பயணிக்கு, திறந்த வெளியில் கிடைப்பதைவிடச் சீரான இணைப்பு கிடைக்க வாய்ப்பு உண்டு.

இனி விமானத்துக்கு வருவோம். விமானப் பயணிகளுக்கு முதன்முதலில் செயற்கைக்கோள் வழியாக அகன்ற அலைவரிசை இணையம் கொடுத்த பெரிய முயற்சி, போயிங் நிறுவனத்தின் கனெக்சன் சேவை. 2004 மே மாதம் மியூனிக்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் சென்ற லுஃப்தான்சா விமானத்தில் அது தொடங்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனமும் அதைப் பயன்படுத்தியது. கருவி கனமானது, கட்டணமும் கூடுதல். அப்போது மடிக்கணினி வைத்திருந்தவர்கள் மட்டுமே அதைப் பயன்படுத்த முடிந்தது. 2006ஆம் ஆண்டில் சேவையை மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டில்தான் முதல் ஐபோன் வந்தது.

அந்த வகைச் செயற்கைக்கோள்கள் புவிநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. நீங்கள் அனுப்பும் கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதில் மீண்டும் மேலே போய்க் கீழே வர, ஒளியின் வேகத்தில்கூட ஏறத்தாழ அரை வினாடி ஆகிவிடும். மின்னஞ்சலுக்கு அது பரவாயில்லை. காணொளி அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். ஐரோப்பாவுக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. கோலாலம்பூரில் வீட்டுக் கூரை மீதிருக்கும் தொலைக்காட்சித் தட்டைப் பாருங்கள், கிட்டத்தட்ட வானத்தின் உச்சியை நோக்கி இருக்கும். நாம் புவிநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அப்படி. ஸ்டாக்ஹோமில் அதே வகைத் தட்டு, அடிவானத்திலிருந்து அதிகபட்சம் 22 பாகைதான் நிமிர முடியும். விமானத்தின் முதுகில் தட்டையாகக் கிடக்கும் அலைவாங்கிக்கு அவ்வளவு தாழ்வாகப் பார்ப்பது கடினம்.

எனவே ஐரோப்பாவில் ஒரு மாற்று வழி பிறந்தது. இன்மார்சாட் நிறுவனமும் டாய்ச்சே டெலிகாம் நிறுவனமும் சேர்ந்து ஐரோப்பிய விமான வலையமைப்பை உருவாக்கின. 2017 ஜூனில் அதற்கென ஒரு செயற்கைக்கோள் ஏவப்பட்டது. வேலையின் பெரும்பகுதியைச் செய்வதோ ஏறத்தாழ 300 தரைக் கோபுரங்கள். அவற்றின் அலைவாங்கிகள் ஊரைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கின்றன. விமானத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவில் மலையோ கட்டடமோ இல்லாததால், ஒரு கோபுரம் 150 கிலோமீட்டர் சுற்றளவு தூரம் வரை எட்டும். ரயிலைவிட மூன்று மடங்கு வேகமாகப் பறக்கும் விமானம், அத்தகைய ஒரு வட்டத்தைக் குறுக்கே கடக்க இருபது நிமிடம் ஆகலாம். ரயிலுக்கு 36 வினாடி, விமானத்துக்கு 20 நிமிடம்! தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இப்போது மூன்றாவது வழியும் வந்துவிட்டது. ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுக்கு அலை போய்வரும் நேரம் வினாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. லாத்வியாவின் ஏர்பால்டிக், 2025ஆம் ஆண்டில் ஐரோப்பிய விமான நிறுவனங்களில் முதலாவதாக அதைப் பயணிகளுக்குக் கொடுத்தது.

ஐரோப்பா செல்பவர்களுக்குக் கட்டணம் பற்றிய ஒரு தகவலும் தேவைப்படும். ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் வாங்கிய சிம் அட்டையை, 2017 ஜூன் 15 முதல் மற்ற உறுப்பு நாடுகளிலும் உள்ளூர்க் கட்டணத்திலேயே பயன்படுத்தலாம். விமானத்துக்குள் இயங்கும் சிறு கோபுரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. விமானப் பயன்முறையைப் போட மறந்தால், கைப்பேசி தானாகவே அதைப் பிடித்துக்கொண்டு பெரிய கட்டணத்தை இழுத்துவிடக்கூடும். சுவிட்சர்லாந்து ஒன்றிய உறுப்பு நாடு அன்று. மிலானிலிருந்து சூரிக் செல்லும் ரயில் கியாசோ எல்லை நிலையத்தைத் தாண்டியதும், கைப்பேசி சுவிஸ் கோபுரத்துக்கு மாறிவிடும். கோட்ஹார்ட் சுரங்கத்துக்குள் காணொளி தடையின்றி ஓடும்தான். உங்கள் சிம் அட்டையின் திட்டத்தில் சுவிட்சர்லாந்து சேர்ந்திருக்கிறதா என்பதை மிலானிலேயே பார்த்துவிட்டு ஏறுங்கள்.