கிணற்றுச் சுவரில் முளைத்த இச்சி

எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்துக் கிணற்றைத் தூர் வாரினோம். வடக்குச் சுவரில் கல் இடுக்கில் ஒரு இச்சி முளைத்திருந்தது. விட்டால் வேர் பெருத்துச் சுவரையே தள்ளிவிடும். வேலைக்கு வந்தவர் கடப்பாரையால் கல்லை நெம்பி, வேரோடு எடுத்து என் கையில் கொடுத்தார். அப்போதுதான் வங்கி வேலையில் ஓய்வு பெற்றிருந்தேன். கைக்கு வந்ததையெல்லாம் நடுகிற ஆர்வம். பொன்சாய் பண்ணலாம் என்று தொட்டியில் வைத்தேன், பிழைத்துக்கொண்டது.

ஆனால் வடிவம் இருக்கிறதே! அடிமரம் இடுக்கிலிருந்து ஒரு சாண் கிடையாக வந்து, வெளிச்சம் தேடி முழங்கை மாதிரி மடங்கி மேலே போயிருக்கிறது. மடக்கில் பருத்த கிளை ஒன்று பள்ளத்தைப் பார்த்துத் தொங்குகிறது. மடக்கின் வெளிப்புறம் மொட்டை. ஆடிக் காற்றில் இரண்டு தடவை தொட்டியோடு கவிழ்ந்தது.

மரத்தை இப்படிக் குறுக்குவது பாவமில்லையா என்று நம் நண்பர்கள் கேட்பதுண்டு. மல்லிகையைக் கவாத்து பண்ணுகிறோம், முருங்கையை இடுப்பளவில் வெட்டுகிறோம், அவை தழைக்கத்தான் செய்கின்றன. ஆனால் நான் ஒரு புளிய மரத்தைக் கொன்றிருக்கிறேன். சித்திரை வெயிலில் ஒரே நாளில் கிளையை வெட்டி, வேரைப் பாதியாக்கி, தொட்டியும் மாற்றினேன். மூன்று வாரத்தில் சுள்ளியாகிவிட்டது. அதனால் இச்சியில் கத்தி வைக்கப் பயம்.

முழங்கைக்கு மேலே ஒரே வெட்டாக வெட்டி, நேரான மரமாகத் திரும்ப வளர்க்கலாம். ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் ஒரே குடும்பம். தெம்பாக இருந்தால் பழைய கட்டையிலும் துளிர்க்கும். ஆனால் உருப்பட நாலைந்து வருஷம் ஆகும். கடன் கேட்டு வந்தவர்களிடம் "எத்தனை வருஷத்துல கட்டுவீங்க?" என்று முப்பது வருஷம் கேட்டவன் நான். எனக்கு இப்போது 68 வயது.

இல்லையென்றால் தொங்கும் கிளையை அறுத்துவிடலாம். ஜப்பானியர் ஷாகான் என்று சொல்லும் சாய்ந்த மரம் கிடைக்கும். ஆனால் மரத்தின் பாதி இலை அந்தக் கிளையில்தான் இருக்கிறது. அறுத்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது என்பதால் முதலில் ஒரு வெள்ளைத் துண்டை அதன்மேல் போர்த்திவிட்டு, பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். கிளை இல்லாத மரம் எப்படி இருக்கும் என்று இதில் தெரிந்துவிடும். பத்து நாள் பார்த்தேன். எந்த நர்சரியிலும் கிடைக்கிற மரமாகத்தான் தெரிந்தது.

ஒரு நாள் வீட்டம்மா துண்டைத் துவைக்க எடுத்துக்கொண்டு, "தண்ணி தேங்குதுங்க" என்று தொட்டிக்கு ஒரு பக்கம் அரைச் செங்கலை முட்டுக் கொடுத்தார். தொட்டி சாய்ந்ததும் கிளை இன்னும் கீழே இறங்கியது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது கண்ட அதே மரம்! அருவிபோல் இறங்கும் இந்த வடிவத்தைக் கெங்காய் என்பார்கள். குறைக்க வேண்டியது மேலே போகும் தண்டைத்தான்.

மொட்டைப் பக்கத்துக்கு வழி சொன்னவர் மாங்கன்று ஒட்டுக் கட்டும் பெரியவர் ஒருவர். "அதே மரத்துக் குச்சிய வளைச்சு ஒட்டிடுங்க சார். மாவே ஒட்டுது, இது ஒட்டாதா?" மேல் தண்டிலிருந்த நீளமான இளங்கிளையை வளைத்து, இரண்டு பக்கமும் பட்டையைச் சீவி, வடிந்த பாலை ஈரத்துணியால் துடைத்து, பச்சையோடு பச்சை பொருந்த இறுக்கிக் கட்டினோம். ஒட்டைத் தாண்டிய நுனி, ஒட்டுக்கு முந்தைய பகுதியைவிடத் தடித்தால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை தாய்ப் பக்கத்தை அறுக்கக் கூடாது. மேல் தண்டையும் தொட முடியாது.

தொங்கும் கிளையைக் கொய்யாவில் செய்வதுபோல வளைத்துக் கட்டியிருக்கிறேன். கம்பி சுற்றினால் மழைக்காலத்தில் இச்சி வேகமாகப் பருத்து, கம்பி பட்டையில் புதைந்துவிடும். அதனால் சணல் கயிறும், உராயும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பும்தான். இன்னொன்று, கீழ்நோக்கிய நுனி சோர்ந்துபோகும், மேலே உள்ளது கொழுக்கும். அதனால் மேல் தளிரைக் கிள்ளிக்கொண்டே, தொங்கும் நுனியைக் கை வைக்காமல் விட்டிருக்கிறேன்.

கட்டி நாலு மாதம் ஆகிறது. ஒட்டைத் தாண்டி ஏழு இலை விட்டிருக்கிறது, தடிப்பு இன்னும் போதாது. உயரமான தொட்டிக்கு மாற்றுவது அடுத்த வருஷம், கோடை மழை விழுந்த பிறகு. அதுவரை அரைச் செங்கல்தான் முட்டு.