மாம்பழத்தைப் பெயர் சொல்லி வாங்குவோம்

கடையில் ஆப்பிள் வாங்கினால் என்ன ரகம் என்று பெரும்பாலும் ஸ்டிக்கரே சொல்லிவிடும். நம் ஊர் மாம்பழத்துக்கு ஏது ஸ்டிக்கர்? முகத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்ல வேண்டும். முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் வந்து போகிற எனக்கு வைகாசி பிறந்துவிட்டால் இதுதான் பொழுதுபோக்கு.

முதலில், நிறத்தை நம்பாதீர்கள். மல்கோவா நன்றாகப் பழுத்த பிறகும் பச்சை கலந்துதான் இருக்கும். இமாம்பசந்தும் அப்படியே. "இன்னும் காய்ங்க" என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்களுக்கு நஷ்டம்.

வடிவம் பொய் சொல்லாது. நீண்ட உடம்பு, நுனியில் அலகு மாதிரி வளைவு என்றால் கிளிமூக்கு. இனிப்பு சுமார்தான், காயாக உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுத் தின்ன இதை அடிக்க ஆளில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகளுக்கு அதிகம் போவதும் இதுதான். காம்புப் பக்கம் சிவந்திருந்தால் செந்தூரா. நீளவாக்கில் முட்டை போல, மழமழவென்று, நாரில்லாமல் இருந்தால் பங்கனப்பள்ளி.

குழப்பம் வருவது ரூமானியில்தான். பந்து போல உருண்டை. தூரத்தில் பார்த்தால் ஆப்பிளேதான். ஒரு கடையில் இதைக் காட்டி என்னிடம் மல்கோவா விலை சொன்னார்கள்! மல்கோவாவும் உருண்டைதான். ஆனால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், தோல் தடிமன், கையில் வைத்தால் கனக்கும். ரூமானிக்குத் தோல் மெல்லிசு, சாறு அதிகம்.

கடைசியாக வருவது நீலம். சின்னப் பழம், வாசனை தூக்கும். வெட்டினால் சில சமயம் கொட்டைக்குள்ளிருந்து வண்டு வரும். வெளியே ஓட்டையே இல்லையே என்று கேட்பீர்கள். பிஞ்சிலேயே தோலில் முட்டை வைத்துவிடுகிறது. புழு கொட்டைக்குள் போனதும் வழி மூடிவிடுகிறது.

ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தின் நான்கு கிளையும் நான்கு சுவைப் பழம் தரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஐதீகத்துக்குள் நான் போகவில்லை. ஒட்டுக் கட்டினால் ஒரே மரத்தில் நான்கு ரகம் காய்ப்பது நடக்கிற காரியம்தான். நீலத்தின் கொட்டையை நட்டால் அதே நீலம் வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் தோட்டக்காரர்கள் ஒட்டுச் செடி வாங்குகிறார்கள்.

இனி கார்பைடு கல். வெல்டிங் ஷாப்பில் பார்த்திருப்போமே, தண்ணீர் பட்டால் அசெட்டிலின் வரும் அதே கல்! பெட்டியில் வைத்தால் ஈரத்தில் அதே வாயு கிளம்பி, காய் மஞ்சளாகிறது. உள்ளே புளிப்பு அப்படியே. கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கக்கூடும். 2011ஆம் வருட உணவுப் பாதுகாப்பு விதிகளும் இதைத் தடை செய்கின்றன. பழமே இயற்கையாக வெளிவிடும் எத்திலீன் வாயுவை, பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்தலாம் என்று 2016இல் அனுமதித்தார்கள்.

அதனால் நான் காம்புப் பக்கம் மூக்கை வைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. பளபளவென்று மஞ்சளாக இருந்தும் வாசனை வரவில்லையா, வைத்துவிட்டு நடையைக் கட்டுவேன். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டுமே!